உஷார்! முன்னேறத் துடிப்பவர்களுக்குத்தான் முதல் வலை

லிங்க்ட்இன்னில் கணக்கு தொடங்கி, வேலை தேடுவதைச் சொல்லும் பச்சை வளையத்தைப் படத்தைச் சுற்றி மாட்டி, ரெஸ்யூமேயையும் போன் நம்பரையும் ஏற்றிய சில நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. ‘வணக்கம், உங்கள் புரொஃபைலைப் பார்த்தோம். வீட்டிலிருந்தே பகுதி நேர வேலை. தினமும் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. விருப்பமா?’ அனுப்பியவரின் படத்தில் கோட்டு போட்ட ஒரு பெண். எண் +62 என்றோ +84 என்றோ தொடங்குகிறது. ஒன்று இந்தோனேசியா, இன்னொன்று வியட்நாம். மாதக்கணக்கில் வேலை தேடிக் களைத்துப்போன பிள்ளைக்கு அந்த எண் கண்ணில் படாது. 2,000 மட்டும்தான் படும்.

சமூக ஊடகத்தைப் பிடித்து வாழ்க்கையில் ஒரு படி ஏறிவிடலாம் என்று உள்ளே வருகிறவர்கள் இப்போது ஏராளம். கல்லூரி முடித்த பையன், வேலை மாற நினைப்பவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்று யூடியூபைத் திறக்கும் அம்மா, தைத்த பிளவுஸைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டு ஆர்டர் பிடிக்கும் தையல்காரம்மா. யாரும் வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரத்தான் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட நிறுவனங்களின் பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் யூடியூபிலேயே இலவசமாக இருக்கின்றன. முப்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு இது கனவிலும் கிடைத்திருக்காது.

என் பதற்றமெல்லாம் அந்த முதல் சில மாதங்களைப் பற்றித்தான். சும்மா பொழுதுபோக்க வருபவர் தன்னைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. முன்னேற வருபவரோ முதல் நாளே எல்லாவற்றையும் எழுதிவைத்துவிடுகிறார். எந்த ஊர், எந்தக் கல்லூரி, எத்தனை மாதமாக வேலையில்லை, எந்த வேலை கிடைத்தால் போதும், எதில் தடுமாற்றம். மோசடிக்காரர்களுக்கு ஆளைத் தேடும் வேலையே மிச்சம். இவருக்கு என்ன தேவை என்பது தெரிந்துவிட்டால், அதையே தருவதாகச் சொல்லி வந்து நின்றால் போதும்.

2023-ல் இணையவழி நிதி மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024-ல் 22,845 கோடி ரூபாய். மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. இதுவும் புகார் கொடுத்தவர்களின் கணக்குதான். வெட்கப்பட்டு வாயைத் திறக்காதவர்களின் பணம் இதில் வராது.

அந்த ‘பகுதி நேர வேலை’ எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ‘விருப்பம்’ என்று பதில் போட்டதும் ஒரு மாதிரி வேலை தருவார்கள். கூகுள் மேப்ஸில் ஏதோ ஒரு ஹோட்டலுக்கு ஐந்து ஸ்டார் போட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். அனுப்பியதும் டெலிகிராமுக்குப் போகச் சொல்வார்கள். அங்கே ‘ரிசப்ஷனிஸ்ட்’ என்று ஒருவர் இருப்பார். யு.பி.ஐ. ஐ.டி. கேட்பார். கொடுத்த சில நிமிடங்களில் 150 ரூபாய் நிஜமாகவே வந்து விழும். இந்த 150 ரூபாயில்தான் எல்லாமே இருக்கிறது. அதுவரை சந்தேகப்பட்ட அப்பாகூட ‘அட, வந்திருக்கே’ என்பார்.

அடுத்து ஒரு குரூப்பில் சேர்ப்பார்கள். தினமும் இருபது, இருபத்தைந்து ‘டாஸ்க்’. நடுநடுவே ‘ப்ரீபெய்ட் டாஸ்க்’ வரும். 1,000 கட்டினால் 1,300 திரும்பும் என்பார்கள், திரும்பவும் செய்யும். குரூப்பில் மற்றவர்கள் 30,000 கட்டி 42,000 எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளைப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த மற்றவர்கள் அத்தனை பேரும் அவர்கள் ஆட்கள்தான், ஏமாறப்போகிறவர் நீங்கள் ஒருவர் மட்டுமே. பெரிய தொகை கட்டியதும் ஆட்டம் மாறும். ‘நீங்கள் தப்பாக கிளிக் செய்துவிட்டீர்கள். உங்களால் இந்த டீமில் இன்னும் மூன்று பேருடைய பணமும் மாட்டிக்கொண்டது. சரிசெய்ய இன்னும் 50,000 கட்டுங்கள்.’ பணத்தாசையைவிட இந்தக் குற்றவுணர்ச்சிதான் பலரை அழித்திருக்கிறது. தன்னால் இன்னொருவருக்கு நஷ்டம் வந்துவிட்டதே என்று தங்கநகையை அடகுவைத்துக் கட்டுகிறார்கள். அதன் பிறகு வரி, ‘கிரெடிட் ஸ்கோர்’, முடக்கத்தை நீக்கக் கட்டணம் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். திரையில் உங்கள் பெயருக்கு நேராக எட்டு லட்சம் என்று காட்டும். எடுக்க ஒரு ரூபாய்கூட முடியாது.

எந்த வேலையிலும் முதலாளிதான் தொழிலாளிக்குக் காசு தருவார். வேலை செய்ய நீங்கள் காசு கட்ட வேண்டும் என்று ஒருவர் சொன்னால், பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், சரிபார்ப்புச் செலவு என்று அதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி, அந்த நிமிடமே பிளாக் செய்யுங்கள். பதில்கூட எழுத வேண்டாம்.

இதன் இன்னொரு முகம் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அப்படிக் கட்டப்படும் பணம் நேராக மோசடிக்காரரின் கணக்குக்குப் போவதில்லை. வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாகப் போகிறது. ‘உன் பேங்க் அக்கவுண்ட்டைக் கொடு, வந்து போகும் பணத்துக்கு கமிஷன் தருகிறோம்’ என்று இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் கேட்பது கல்லூரிப் பிள்ளைகளிடம்தான். பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, அந்தக் கணக்கோடு இணைந்த சிம் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்கள். சில ஆயிரங்கள் கைக்கு வரும். பிறகு போலீஸ் பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு வரும்போது முதலில் நிற்கும் பெயர் உங்கள் பெயர். கணக்கு முடங்கும், வழக்கில் பெயர் சேரும். அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையாக இருந்தால், போலீஸ் சரிபார்ப்பு வரும் நாளில் அந்தக் கனவு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ‘எனக்கு எதுவும் தெரியாது சார்’ என்ற பதில் அங்கே எடுபடுவது கடினம்.

சரி, நாம் வேலை கேட்கவில்லை, கற்கத்தானே வந்தோம் என்பவர்களுக்கு வேறு வலை இருக்கிறது. ‘99 ரூபாய் மாஸ்டர் கிளாஸ்.’ ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் அவர் எப்படிக் கஷ்டப்பட்டார், இப்போது எந்தக் கார் வைத்திருக்கிறார் என்ற கதை. பாடம் என்று பத்து நிமிடம். பிறகு திரையில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். உண்மையான கட்டணம் ஒரு லட்சமாம், முதலில் சேரும் இருபது பேருக்கு மட்டும் 40,000-மாம். கூட்டம் முடிவதற்குள் போன் வந்துவிடும். ‘பணம் இல்லையா? பரவாயில்லை, இ.எம்.ஐ. போட்டுத் தருகிறோம்.’ பான், ஆதார், ஒரு ஓ.டி.பி. கேட்பார்கள். அந்த ஓ.டி.பி.யைச் சொன்ன நொடியில் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனத்திடம் கடன் வாங்கப்பட்டிருக்கும். கோர்ஸ் குப்பை என்று பத்து நாளில் தெரிந்தாலும், கடன்காரர் நீங்கள்தான். தவணை தவறினால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். நாளைக்கு வீட்டுக் கடனோ கல்விக் கடனோ கேட்டுப் போகும்போது அது வங்கி மேலாளரின் திரையில் தெரியும்.

இதில் இன்னும் மோசமான வகை, கோர்ஸில் சேர்ந்தவரையே அந்தக் கோர்ஸை விற்க வைப்பது. நீங்கள் மூன்று பேரைச் சேர்த்தால் கமிஷன், அவர்கள் மூன்று பேரைச் சேர்த்தால் அதிலும் பங்கு. இப்படி ஆள்மேல் ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டங்களுக்கு 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகள் தெளிவாகத் தடை போட்டிருக்கின்றன. ஆனாலும் நடக்கிறது. ஏனென்றால் சிக்கியவர்களே காவலுக்கு நிற்கிறார்கள். கோவையில் விளம்பரம் பார்த்தால் பணம் தருவதாகச் சொன்ன ஒரு செயலியின் மீது வழக்குப் பதிவானபோது, 2024 ஜனவரியில் நீலாம்பூர் அருகே ஆயிரக்கணக்கானவர்கள் அந்த நிறுவனத்துக்கு ஆதரவாகத் திரண்டு வந்து நின்றார்கள். போட்ட பணம் திரும்பி வரவேண்டுமென்றால் நிறுவனம் பிழைத்திருக்க வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு. அந்தத் தவிப்பில் அக்கா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்தவர்களையெல்லாம் உள்ளே இழுத்துவிடுகிறோம். பணம் போனால் மறுபடி சம்பாதிக்கலாம். உறவு முறிந்தால் லேசில் ஒட்டாது.

படிக்க வேண்டுமா? மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடங்களைக் காசில்லாமல் படிக்கலாம், சான்றிதழுக்கான தேர்வு எழுதினால்தான் கட்டணம். தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் இருக்கின்றன. முதலில் இவற்றில் ஒன்றையாவது முடித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் ஒரு கோர்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் கொடுங்கள். கடன் வாங்கி மட்டும் கொடுக்காதீர்கள்.

பங்குச்சந்தை குருமார்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ‘முன்னேற்றம்’ என்ற சொல்லைத் தேடினாலே யூடியூப் உங்களை அவர்கள் பக்கம் தள்ளிவிடுகிறது. ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் இயங்கிய ஒருவர் மீது பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2023 அக்டோபரில் இடைக்கால உத்தரவு போட்டது. பயிற்சி என்ற பெயரில் பதிவில்லாமல் ஆலோசனை விற்றதற்காக 17.2 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் கட்டச் சொன்னது. அந்த உத்தரவில் இன்னொரு தகவலும் இருந்தது. ஊருக்கெல்லாம் லாபக் கணக்கைக் காட்டிய அவர், 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை தன் சொந்த வர்த்தகத்தில் இழந்திருந்தது 2.89 கோடி ரூபாய்! கற்றுக்கொடுத்தவர் நிலையே இது. எஃப் அண்ட் ஓ என்கிற வாய்தா வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டம்தான் கண்டார்கள் என்று 2024 செப்டம்பரில் செபியே ஆய்வு வெளியிட்டது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். ஆலோசனை சொல்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ. என்று தொடங்கும், ஆய்வாளர் என்றால் ஐ.என்.எச். என்று தொடங்கும். அந்த எண்ணைச் செபியின் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். பிளே ஸ்டோரில் இல்லாத செயலியை லிங்க் அனுப்பி இறக்கச் சொன்னால் அது போலி. நிதியமைச்சர் பேசுவது போன்ற முதலீட்டு விளம்பர வீடியோக்களும் டீப்ஃபேக்தான் என்று மத்திய அரசின் உண்மை கண்டறியும் பிரிவு திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டது.

இனி வெளிநாட்டு வேலை. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்சிகியூட்டிவ்’ வேலை என்று சமூக ஊடக விளம்பரங்கள் மூலம் கணினி தெரிந்த இளைஞர்களை வளைக்கிறார்கள் என்று. பாங்காக்கில் இறங்கியவர்களை எல்லை ஊரான மே சோட் வரை கொண்டுபோய், மோய் ஆற்றைக் கடத்தி, மியான்மரின் மியாவாடியில் அடைத்தார்கள். பாஸ்போர்ட் பறிபோனது. செய்யச் சொன்ன வேலை, போலிப் பெயரில் கணக்கு திறந்து ஊர் உலகத்தில் இருப்பவர்களை ஏமாற்றுவது. மறுத்தால் அடி, மின்சார ஷாக். அந்த ஆண்டு அக்டோபரில் அங்கிருந்து மீண்டு வந்த முதல் குழுக்களில் ஒன்றில் இருந்த 13 பேர் தமிழர்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் இரண்டு நாட்களில் 549 இந்தியர்களை அழைத்துவந்தன. உங்கள் போனுக்கு ‘பகுதி நேர வேலை’ என்று செய்தி அனுப்புகிற கை, இப்படி வேலை தேடிப் போய் மாட்டிக்கொண்ட இன்னொரு பிள்ளையின் கையாகவும் இருக்கக்கூடும். டூரிஸ்ட் விசாவில் போய் வேலை செய்யலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. சென்னையிலேயே குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகமும் இருக்கிறது. பெட்டியைக் கட்டுவதற்கு முன் ஒருமுறை விசாரியுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பொள்ளாச்சி வழக்கை யாரும் மறந்திருக்க முடியாது. சமூக ஊடகத்தில் பழகி, நம்ப வைத்து, தனியே வரவழைத்து, வீடியோ எடுத்து மிரட்டிய ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் 2025 மே 13-ல் தீர்ப்பளித்தது. ஆறு வருடம் போராடி அந்தத் தீர்ப்பு வந்ததென்றால், பாதிக்கப்பட்ட பெண்கள் வாயைத் திறந்து சாட்சி சொன்னதால்தான். ‘மென்டர்’ என்றும் ‘மாடலிங் வாய்ப்பு’ என்றும் சொல்லிப் படம் கேட்பவர் யாராக இருந்தாலும் அனுப்பாதீர்கள். உங்கள் சாதாரணப் படத்தை ஒட்டுவேலை செய்து மிரட்டினால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் பேசுங்கள், பதினெட்டு வயதுக்குக் குறைவென்றால் குழந்தைகள் உதவி எண் 1098. பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். அழுதுகொண்டு வந்து நிற்கும் மகளிடம் ‘உனக்கு எதுக்குடி இன்ஸ்டாகிராம்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மிரட்டுபவர் நம்பியிருப்பதே அந்தக் கேள்வியைத்தான்.

கணக்கு தொடங்கும் அன்றைக்கே செய்ய வேண்டியவை சில உண்டு. வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆறு இலக்க பின் வையுங்கள். யார் வேண்டுமானாலும் உங்களை குரூப்பில் சேர்க்கும் வசதியை ‘மை கான்டாக்ட்ஸ்’ என்று மாற்றுங்கள், வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டிலும். டெலிகிராமில் போன் நம்பர் யாருக்கும் தெரியாதபடி வைக்க முடியும். பொதுவில் போடும் ரெஸ்யூமேயில் பிறந்த தேதி, வீட்டு முகவரி, அப்பா பெயர் எதுவும் வேண்டாம், மின்னஞ்சல் போதும். தெரிந்தவர் கணக்கிலிருந்தே ‘ஒரு கோடு வந்திருக்கும், அனுப்பேன்’ என்று கேட்டாலும் அனுப்பாதீர்கள், அவர் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் ஏ.பி.கே. (செயலியை நிறுவும்) ஃபைல் வந்தால் தொடவே கூடாது. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போய்விட்டதா? முதல் ஒரு மணி நேரம்தான் பொன்னான நேரம். பணம் வாடகைக் கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்குள் இணையவழி நிதி மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அங்கிருந்து வங்கிகளுக்குத் தகவல் போய் தொகையை நிறுத்திவைக்க வாய்ப்பிருக்கிறது. கூடவே தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பரிவர்த்தனை எண், உரையாடல் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று அடுத்து ஒருவர் வருவார். அவரும் அதே கூட்டம்தான்.

வீட்டில் யாராவது இந்த மாதம் புதிதாக லிங்க்ட்இன்னோ இன்ஸ்டாகிராமோ தொடங்கியிருந்தால் இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் அவர் பக்கத்தில் உட்காருங்கள். போனை வாங்கிக் குடையச் சொல்லவில்லை. ‘வேலை தர்றேன், காசு கட்டுன்னு யாராவது கேட்டாங்களா?’ என்று மட்டும் கேளுங்கள். பிறகு 1930 என்ற எண்ணை அவர் போனிலும் உங்கள் போனிலும் சேமித்துவையுங்கள். தயவுசெய்து நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.